அக்காவும் ‘இன்னா வாறேன்’ என்ற சொல்லும்

அக்காவின் இந்த நினைவு மலர் உங்கள் கைக்குப் பிந்தி வந்திருந்தால் அதற்குக் காரணம் அச்சகத்தார் அல்ல, நான்தான். அக்காவின் மூத்த மகன் போன் செய்து, “மாமா, எழுதியாச்சா?” என்று கேட்டான். “இன்னா அனுப்புறேன் மக்கா, கடைசி வரியில நிக்கேன்” என்றேன். அப்போது நான் முதல் வரியைக்கூடத் தொடங்கியிருக்கவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நேரத்துக்கு வரும் பழக்கத்தை உண்டாக்கிய அக்காவின் நினைவு மலரை, கூடப் பிறந்த தம்பியே தாமதப்படுத்தினான் என்று உறவினர்கள் பேசிக்கொள்வீர்கள். தாராளமாகப் பேசுங்கள்.

அக்கா பூதப்பாண்டிக்குப் பக்கத்தில், எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார்கள். அம்மா நோயில் விழுந்தபோது கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு, சமையலையும் என்னையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார்கள். இரண்டில் சமையல் மட்டும் ஒழுங்காக வந்தது. திருமணமாகி ஆரல்வாய்மொழிக்குப் போனார்கள். அத்தானுக்குக் காற்றாலைப் பராமரிப்பு வேலை. அந்த ஊர்க் காற்றில் குடையை விரித்துப் பார்த்த ஒரே விருந்தாளி நான் என்று அத்தான் கடைசிவரை சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு சீக்கிரமே நின்றுபோனது. அத்தான் திடீரென்று மறைந்தபோது பிள்ளைகள் இருவரும் சிறியவர்கள். அக்கா தோவாளையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, யாரிடமும் முகம் கோணாமல் அவர்களை ஆளாக்கினார்கள்.

தேவாலயச் சபையின் வாலிபர் பாடகர் குழு அக்காவின் பொறுப்புக்கு வந்ததும் அந்த நாட்களில்தான். சனிக்கிழமை ஐந்து மணிப் பயிற்சிக்குப் பிள்ளைகள் ஆறரைக்கு வருவார்கள். அக்கா யாரையும் திட்டவில்லை. ஐந்து மணிக்கு ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து தனியாகவே பாடத் தொடங்கினார்கள். முதலில் வருகிறவர் அன்றைய முதல் பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் சொன்னார்கள். ஒருமுறை நேரத்தைத் தப்பாக நினைத்து நானே முதலில் போய்விட்டேன். நான் தேர்ந்தெடுத்த பாட்டின் உச்சஸ்தாயி எனக்கே எட்டவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல வெளியே நழுவிவிட்டேன்.

அக்காவுக்கு ஆகாத ஒரே சொல் ‘இன்னா வாறேன்’, அதாவது ‘இதோ வந்துவிட்டேன்’. நம் பக்கத்தில் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருப்பவனும் இன்னா வாறேன் என்பான், நாகர்கோவிலில் பிரியாணிக்குக் காத்திருப்பவனும் இன்னா வாறேன் என்பான். அதனால் அக்கா போனில் “எப்போ வருவே?” என்று கேட்கவே மாட்டார்கள். “எங்க நிக்க?” என்பார்கள்.

“வீட்டுல நிக்கேன். இன்னும் குளிக்கல்ல.”

“செரி மக்கா, குளிச்சிட்டு வா.”

அவ்வளவுதான். பொய்க்கு வேலை இல்லாமல் போனதும், பிந்துவதற்குப் பிள்ளைகளுக்கே கூச்சம் வந்துவிட்டது.

குழுவில் ஷைனி என்று ஒரு பெண், நர்சிங் படிப்பவள். பயிற்சிக்குப் போகும் ஆஸ்பத்திரியில், இன்னொரு தடவை பிந்தினால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா அவளையும் கூட்டிக்கொண்டு அழுதபடி அக்காவிடம் வந்தார்.

“அக்கா, காலையில நீங்க ஒரு போன் பண்ணி இவள எழுப்பி விடுங்க.”

“நான் எழுப்பினா அது என் பழக்கம். இவளுக்கு என்ன கெடைக்கும்?” என்ற அக்கா, ஷைனியைப் பார்த்து, “ஏட்டி, பஸ் ஸ்டாப்புக்கு எவ்வளவு நேரம்?” என்றார்கள்.

“பத்து நிமிஷம்.”

“சீப்பு தேடுறதுக்கு?”

ஷைனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அம்மைகிட்ட சண்ட போடுறதுக்கு?”

“அதுக்குத்தான் கூட நேரம் வேணும்” என்றார் அவள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“அப்போ அதையும் சேத்து எண்ணு மக்கா. பஸ்ஸுக்கு மட்டும் எண்ணினா எப்பிடி?”

ஷைனி அதன்பிறகு ஆஸ்பத்திரிக்குப் பிந்தவில்லை.

அக்காவின் சிறுநீரகம் பழுதாகி, வெளியே போக முடியாமல் ஆனபோது என்னை அழைத்தார்கள். பாட்டுப் பயிற்சி நடக்கும், சபையின் ஓய்வுநாள் பள்ளிக் கட்டடத்தின் சாவியை என் கையில் வைத்தார்கள்.

“ஏலே, இனி நீதான் திறக்கணும்.”

“எங்கிட்டயாக்கா?”

“வேற ஆளு இல்லாமத்தான்.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்கள்: “பூட்டுன கதவு முன்னால நாலு வாரம் நின்னா பிள்ளைகளுக்குப் பழக்கம் விட்டுப்போயிரும். திரும்பக் கொண்டுவர நான் இருக்க மாட்டேன்.”

அந்த நோயிலும் தன் வலியைப் பற்றி அக்கா அவ்வளவு பேசியதில்லை. நானும் பயந்து, அக்கா இருந்தவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் சரியாகத் திறந்தேன். ஒரு வியாழக்கிழமை காலையில், இரண்டு மகன்களும் பக்கத்தில் இருக்க, அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். மறுநாள் அடக்கம்.

நோய்க்காலத்தில் பொறுமையாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், வாரந்தோறும் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச்சென்ற பக்கத்து வீட்டார், வீடு தேடி வந்து ஜெபித்த போதகர் ஐயா, தூரம் பாராமல் வந்து நின்ற உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி. பாடகர் குழுப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அடக்கத்துக்கு மறுநாள் சனிக்கிழமை. இன்றைக்கு யார் வரப்போகிறார்கள் என்று படுத்துவிட்டேன். மனசு கேட்காமல் எழுந்து போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. பூட்டிய கதவின் முன்னால் படிகளில் அத்தனை பிள்ளைகளும் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ஷைனி தாளம் போட்டாள். அப்போதும் நான் சாக்குச் சொல்ல மறக்கவில்லை.

“மக்கா, வீட்டுல ஆளுக வந்துட்டே இருந்தாங்க, அதுக்கு இடையில வண்டி வேற ஸ்டார்ட் ஆகல்ல...”

ஷைனி அந்த வரியைப் பாடி முடித்துவிட்டு, கையை நீட்டினாள்.

“சாவி இனி எங்கிட்ட இருக்கட்டும், மாமா.”