சும்மா உருளாத சைக்கிள்

அந்த ஆடைத் தொழிற்சாலையில் இருநூற்றுப் பத்துத் தையல் இயந்திரங்கள் ஓடின. எது முரண்டு பிடித்தாலும் "அக்காவைக் கூப்பிடு" என்பார்கள். அக்கா வருவாள். இயந்திரத்தின் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். பிறகு ஏதோ ஒரு திருகை அரைச் சுற்று திருப்புவாள். தைக்கிற பெண் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த வரிசைக்குப் போயிருப்பாள். நாற்பத்தெட்டு வயது. அதிகம் பேச மாட்டாள். பேச வேண்டியதையெல்லாம் வீட்டில் கணவர் பேசிவிடுவார்.

கணவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்கு, எவ்வளவு தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. நல்ல குரல். வீட்டுக்கு வந்தாலும் அதைக் கழற்றி வைக்க மாட்டார். "பரணைச் சுத்தம் செய்வது தவிர்க்க முடியாத காரணங்களால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது" என்பார். அந்தக் குரலில் கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும்.

முன்னறைச் சுவரில் இரண்டு கொக்கிகளில் அவருடைய சைக்கிள் தொங்கியது. மெல்லிய இரும்புக் குழாய்களும் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரும் பத்து கியரும் உள்ள பழைய பந்தய வண்டி. கூட வேலை பார்த்தவரிடம் ஆசைப்பட்டு வாங்கியது. ஒரே ஒரு நாள் ஓட்டினார். "கியர்ல ஒரு சாமான் போயிடுச்சு. சொல்லி வச்சிருக்கேன், வந்துடும்" என்று மறுநாள் மாட்டியவர்தான். அந்தச் சாமான் பதினொரு வருடமாக வந்துகொண்டே இருந்தது. ரயிலாக இருந்திருந்தால் அவரே ரத்து செய்திருப்பார்.

இந்த நேரத்தில் தொழிற்சாலையில் காலை வேலையை ஆறரைக்கு மாற்றினார்கள். முதல் பேருந்தைப் பிடித்தால் ஏழு மணிக்குத்தான் போய்ச் சேரலாம். அக்கா மூன்று நாள் ஐம்பது நிமிடம் நடந்து போனாள். அதே வாரம் கணவரை வேறொரு நிலையத்துக்கு மூன்று வாரம் மாற்றாளாக அனுப்பினார்கள். அவர் கிளம்பிய மறுநாள் சாயங்காலம் அக்கா நாற்காலி போட்டு ஏறி, சைக்கிளைச் சுவரிலிருந்து இறக்கினாள். சுவரில் சைக்கிள் வடிவத்தில் ஒரு வெளுப்பு தெரிந்தது.

பழைய செய்தித்தாளை விரித்து, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். கியர் மாற்றும் கை உள்பக்கமாக மடங்கியிருந்தது. வலது பெடலின் நுனி தேய்ந்திருந்தது. ஹேண்டில்பாரின் வலது கொம்பில் சுற்றியிருந்த நாடா கிழிந்திருந்தது. வலது பக்கம் முழுக்க ஒரே கோடாகச் சிராய்ப்பு, இடது பக்கம் கல்யாணப் பெண் மாதிரி அலுங்காமல் இருந்தது. சாமான் போன வண்டி இப்படி இருக்காது. இது ஆள் விழுந்த வண்டி. அக்கா அதை மனதில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் பின்சக்கரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனாள்.

"கியரையெல்லாம் கடாசிட்டு ஒத்தைப் பல்சக்கரம் போட்டுக்கலாம்க்கா. ஃப்ரீவீல் புதுசா ஒண்ணு மாட்டித் தரவா?" என்றார் கடைக்காரர்.

மிதிக்காதபோது சக்கரத்தைச் சும்மா உருள விடுகிற அந்தப் பழைய ஃப்ரீவீலை அக்கா சுழற்றினாள். கடகடவென்று சுற்றியது. நடுநடுவே பிடி விட்டது.

"வழுக்குது."

"புதுசு வழுக்காதுக்கா."

"அதுவும் ஒரு நாள் பழசாகும்ல?"

கடைக்காரர் ஒரு இழுப்பறையைத் திறந்து, தூசி தட்டி, தடித்த பல்சக்கரம் ஒன்றை எடுத்து வைத்தார். "அப்ப இதுதான். பந்தயத் தடத்துல ஓட்டுறவங்க போடுறது. நேரா சக்கரத்தோட முறுக்கிடணும். சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும். பின்னாடி மிதிச்சா வண்டி பின்னாடி வரும். மிதிக்கிறதை நிறுத்தவே முடியாது. யாரும் கேக்குறதில்லை."

"தையல் மெஷின் மாதிரி. கைச்சக்கரம் எவ்வளவு சுத்துதோ அவ்வளவுதான் ஊசி."

"தையல் மெஷின் ரோட்டுல போகாதேக்கா!"

அக்கா அதற்குள் அதைப் பையில் போட்டிருந்தாள்.

வேலைக்கு நான்கு சாயங்காலம் பிடித்தது. செயின் முன்னும் பின்னும் ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும். அதற்காக ஆக்சிலில் இருந்த வாஷர்களை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினாள். ரிம் ஒருபக்கம் தள்ளிக்கொண்டது. போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கி, அதை நடுவுக்குக் கொண்டுவந்து, கோணலை நீக்கிப் பெண்டு எடுத்தாள். முன்னால் பெடலோடு இருந்த இரண்டு பல்வட்டுகளில் ஒன்றைக் கழற்றியதும் போல்ட்டுகள் நீளம் அதிகமாகிவிட்டன. அரத்தால் தேய்த்தாள். பின்னால் மிதிக்கும்போது பல்சக்கரம் கழன்றுவிடாமல் இருக்க ஒரு பூட்டு வளையம் வேண்டியிருந்தது. பழைய சைக்கிள் ஒன்றின் பெடல் அச்சில் இருந்த வளையம் மரைக்கு மரை பொருந்தியது. கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். இருந்தாலும் இரண்டு பிரேக்கையும் அக்கா கழற்றவில்லை. வளையத்தை நம்பலாம், ஆனால் நம்பியே ஆக வேண்டிய நிலைக்குப் போகக் கூடாது என்பது அவள் கட்சி.

தினமும் அந்த நேரத்தில்தான் கணவர் தொலைபேசியில் கூப்பிடுவார்.

"வீட்ல என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்லை," என்பாள் அக்கா, கிரீஸ் படாத இரண்டு விரல்களால் போனைப் பிடித்துக்கொண்டு.

ஐந்தாம் நாள் காலை ஏறி உட்கார்ந்தாள். தெருமுனை வரை தேவலாம். அதன் பிறகு ஒரு சின்ன இறக்கம். நாற்பது வருடப் பழக்கத்தில் காலை நிறுத்தினாள். பெடல் நிற்கவில்லை. மூட்டையைத் தூக்கி லாரியில் ஏற்றுவது மாதிரி வண்டி அவளை இருக்கையிலிருந்து அரை அடி தூக்கியது. அக்கா வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. அவளுக்கு அந்த வார்த்தை தெரியும் என்பதே அக்கம்பக்கத்துக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் விழவில்லை.

ஒரு வாரத்தில் கால்களுக்குப் புத்தி வந்தது. இறக்கத்தில் காலாலேயே இழுத்துப் பிடித்து வேகம் குறைத்தாள். சிக்னல் தூரத்தில் தெரியும்போதே மிதியைத் தளர்த்தி, விளக்கு பச்சையாகும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தாள். வாசலிலிருந்து தொழிற்சாலை கேட்டுக்கு இருபது நிமிடம். ரொம்பப் பிடித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

கணவர் திரும்பி வந்தார். பையைக் கீழே வைக்காமல் சுவரைப் பார்த்தார்.

"இங்க ஒரு சைக்கிள் இருந்துச்சு."

"இருக்கு. வாசல்ல."

போய்ப் பார்த்தார். சுற்றி வந்தார்.

"கியர் எங்க?"

"டப்பாவுல."

"சாமான் வந்திருந்தா?"

"வந்தா அதையும் டப்பாவுல போட்டு வைக்கலாம்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்."

"அதான்."

அதற்குப் பிறகு நான்கு நாள் அவர் பேசவில்லை. அந்த வீட்டில் பேசுகிற ஆள் அவர் ஒருவர்தான் என்பதால் சுவர்க் கடிகாரத்துக்கு எவ்வளவு சத்தம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. கேட்காமல் எடுத்தது தப்புத்தான் என்று அக்காவுக்கு உறைத்தது. அதைச் சொல்ல இரண்டு தடவை அவர் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு தடவையும் "துவைக்கத் துணி இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

ஐந்தாம் நாள் ஞாயிறு. ஈரத் துணியோடு வெளியே வந்தவள் வாசலில் சைக்கிள் இல்லாததைப் பார்த்தாள். தெருவில் பார்த்தாள். அவர் ஓட்டிக்கொண்டு போனார். கேட்காமல் எடுத்ததற்குக் கேட்காமல் எடுத்தது சரியாய்ப் போயிற்று. முதுகை நேராக வைத்துக்கொண்டு நன்றாகத்தான் போனார். முனையில் திரும்ப வேண்டும். திரும்புவதற்காகக் காலை நிறுத்தினார்.

அக்கா துணியைக் கொடியில் போட்டுவிட்டு நடந்து போனாள். அவர் இடது பக்கமாக விழுந்து சாலையில் உட்கார்ந்திருந்தார். அக்கா முதலில் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தாள். கோணவில்லை.

"நான் இங்க கிடக்கேன்," என்றார்.

"தெரியுது. முட்டியை நீட்டுங்க."

நீட்டினார். சிராய்ப்புதான். அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார். "அன்னைக்கும் இப்படித்தான் விழுந்தேன்."

"அன்னைக்கு வலது பக்கம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பெடல் தேஞ்சிருந்துச்சு."

அவர் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு ஒலிபெருக்கிக் குரல் இல்லாமல் சொந்தக் குரலில் சொன்னார். "ஸ்டேஷன் வாசல்லயே விழுந்தேன். காலை வண்டிக் கூட்டம் மொத்தமும் பாத்துச்சு. மறுநாள் நான் மைக்கைப் போட்டதும் ஒருத்தன் கீழேயிருந்து கத்துறான், 'அண்ணே, சைக்கிள் எத்தனாவது பிளாட்பாரம்?'னு. பாதி அறிவிப்புல குரல் நடுங்கிடுச்சு. சாமான் கீமான் ஒண்ணும் சொல்லி வைக்கலை."

அக்காவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. பாவத்தை மட்டும் முகத்தில் காட்டப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் சிரித்தவர் அவர்தான்.

"கேக்காம எடுத்தது தப்பு," என்றாள் அக்கா. நான்கு நாளாகத் தொண்டையில் நின்றது அங்கே சாலையில் வந்தது.

"எடுத்தது எடுத்துட்டே. இதை எப்படித் திருப்புறதுன்னு சொல்லிக் குடு."

ஆறு ஞாயிறு ஆயிற்று. அக்கா இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். "மிதிங்க. திரும்பும்போதும் மிதிங்க. விழப்போறோம்னு தோணினாலும் மிதிங்க." ஏழாவது வாரம் அவர் ரயில் நிலைய வாசல் வரை போனார், பிரேக்கைப் பிடித்தார், இறங்கினார். யாரும் பார்க்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது அவளுக்கு விடுமுறை என்றால் வண்டி அவருக்கு. இருக்கையை மூன்று விரற்கடை உயர்த்திக்கொள்வார்.

போன மாதம் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் பிரிவுப் பெண் ஒருத்தி தன் சைக்கிளைத் தொழிற்சாலைக்கே தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, எனக்கும் உங்க வண்டி மாதிரி பண்ணிக் குடுங்க."

"வழியில என்ன இருக்கு?"

"ஒரு பாலம் இருக்குக்கா. ஏறும்போது உசிரு போயிடும். இறங்கும்போது காலைத் தொங்கப்போட்டுக்கிட்டு அப்படியே வருவேன். காத்து நல்லா வரும்."

அக்கா செயினுக்கு எண்ணெய் விட்டாள். பிரேக் கம்பியை இழுத்துக் கட்டினாள். பின்சக்கரத்தை ஒரு சுற்று சுற்றி, ஃப்ரீவீல் கடகடவென்று ஓடுவதைக் காது கொடுத்துக் கேட்டாள்.

"உனக்கு என் வண்டி மாதிரி வேணாம், இதுவே நல்லா உருளுது," என்று சொல்லிவிட்டு ஏழாவது வரிசைக்குப் போனாள். அங்கே ஒரு இயந்திரம் காலையிலிருந்து நூலை அறுத்துக்கொண்டிருந்தது.