இடது பக்கம் எரியவில்லை

“பின்னாடி நிக்கிறதுக்கு இன்னாமே பயம் ஒனக்கு?” என்று திருமலை கேட்டார்.

இது கதையல்ல, எனக்கு நடந்தது. பேய் இருட்டில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். எங்கள் ஷெட்டில் அது மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டது.

பிள்ளைப்பாக்கத்தில் பகலவன் அண்ணனின் ஷெட். பழைய கார்களைப் புதுப்பிப்போம். நான் சேர்ந்து சில மாதங்கள்தான். வயரிங் என் வேலை. திருமலை நிலம் வாங்கி விற்பவர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது; கார் வைத்திருக்கத் தெரியும். ஐம்பதுகளில் வந்த அமெரிக்கக் கார். மறுநாள் பழைய கார் ஊர்வலத்தில் அதில் உட்கார்ந்து கையசைக்க வேண்டுமாம்.

அந்தக் காரின் பின்பக்கம் இந்தப் பக்கம் ஒரு பல்ப், அந்தப் பக்கம் ஒரு பல்ப். பிரேக்குக்கும் அதுவே, இன்டிகேட்டருக்கும் அதுவே. பிரேக் கரண்ட் இன்டிகேட்டர் சுவிட்ச் வழியாகத்தான் போகும். லீவர் சரியாக நடுவில் நிற்காவிட்டால் ஒரு பக்கம் எரியாது. இதைச் சொல்லும்போதெல்லாம் திருமலை போனைப் பார்ப்பார்.

விளக்கைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதிக்க, பின்னால் நிற்பவர் கத்திச் சொல்ல வேண்டும். எனக்குக் கத்த வராது. அதனால் எப்போதும் நான் உள்ளே, பகலவன் அண்ணன் பின்னால். அன்றும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

மிதித்தேன்.

“வலது எரியுது...”

விட்டு, மறுபடி மிதித்தேன்.

“எடது எரியலல்லா!”

தெற்கத்திப் பேச்சு... எங்கள் ஷெட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

திரும்பினேன். பகலவன் அண்ணன் வாசலில் திருமலையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா... பின்னாடி யாரு?”

“யாரும் இல்லியே.”

திருமலை சிரித்தார். “பொண்ண வேலைக்கு வெச்சா இப்டித்தான். நவுரு, நான் மிதிக்கிறேன். நீ போய் நில்லு.”

நான் அசையவில்லை. அப்போதுதான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார்.

போய் நின்றேன். முதுகில் சுவர். முழங்காலில் பம்பர். பேட்டரி வீக் என்று அவரே முடிவு செய்து இன்ஜினையும் போட்டார்.

“எரியுதா?”

“வலது மட்டும்... லீவர நடுவுல வைங்க!”

ஸ்டீயரிங்குக்கு ஒரு பக்கம் இன்டிகேட்டர் லீவர். மறுபக்கம் கியர் லீவர். க்ளட்ச் இல்லாத கார்; ரிவர்ஸில் விழுந்தால் தானே பின்னால் வரும். அவர் கை போனது கியர் லீவருக்கு.

காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள்...

“தள்ளி நில்லு, பிள்ள...”

தள்ளினேன்.

டமார்...

நான் நின்ற இடத்தில் பம்பர் சுவரில் புதைந்திருந்தது.

திருமலை இன்ஜினை அணைத்து, சாவியோடு இறங்கி வந்தார். முதலில் பம்பரைத் தடவிப் பார்த்தார். என்னை அல்ல.

“நீ எப்டி நவுந்த?” என்றார் பகலவன் அண்ணன்.

கேட்ட குரலை அப்படியே சொல்லிக் காட்டினேன். அவர் டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“பேச்சிராஜ்... தென்காசிக்காரன். ஒனக்கு முன்னாடி அவன்தான் இங்க வயரிங். போன ஆடில, இதே சொவத்துல நசுங்கி... இதே காரு.”

“யார் மிதிச்சது?”

அவர் திருமலையைப் பார்த்தார். “ஹேண்ட்பிரேக் புடிக்கலன்னு சொல்லிக்கினாங்க.”

கார் சீட்டில் யாருமில்லை. பிரேக்கில் எந்தக் காலும் இல்லை.

கண்ணாடி நொறுங்கிய இடது விளக்கு... எரிந்துகொண்டிருந்தது.

திருமலையும் பார்த்தார். கையிலிருந்த சாவி கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட இல்லை. வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.