எலும்பில் தங்கிய ஈயம்

இங்கே வேலை முடிந்ததும் கம்பெனியிலேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வேலைச் சட்டையை அவர்களே துவைப்பார்கள். ஜெர்மனியிலும் நான் சேர்ந்தது பேட்டரி பழுது பார்க்கத்தான். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், என் மனைவியின் அண்ணன் குமாரின் கடையில், பதினோரு வருடம் அதே வேலை. ஈயம் உருக்கிய அடுப்பிலேயே டீயும் கொதிக்கும். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு பஜ்ஜி தின்போம். குளிப்பது மறுநாள் காலை சமாச்சாரம்.

சேர்ந்த மூன்றாவது வாரம் ரத்தம் எடுத்தார்கள். கம்பெனி டாக்டரம்மா போனில், "ப்ளை... ப்ளை..." என்று என்னென்னவோ சொன்னார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் 'ப்ளைபன்' என்றால் தங்குவது. விசா ஆபீசில் காது புளிக்கக் கேட்ட சொல். நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்து, "டாங்க, டாங்க" என்று நன்றி சொன்னேன். ஊரில் இருக்கும் மனைவிக்கும் சொல்லிவிட்டேன். அவள் தெருவுக்கே கேசரி கொடுத்தாள்.

மறுநாள்தான் புரிந்தது, 'ப்ளை' என்றால் ஈயம். என் ரத்தத்தில் அது ஜாஸ்தி. கொடுத்த கேசரியைத் திரும்பக் கேட்க முடியுமா?

ஈயம் தங்கள் இடத்தில்தான் ஏறியது என்று நினைத்து, கம்பெனி என்னிடம் மன்னிப்புக் கேட்டது. வெள்ளை உடுப்பில் இருவர் வந்து கதவுப்பிடி, காபி மிஷின், என் நாற்காலி வரை துடைத்துச் சோதித்தார்கள். ஒன்றும் சிக்கவில்லை. இது நான் ஊரிலிருந்து கொண்டுவந்த சரக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது, கடைசியில் சொன்னேன். ரத்தத்தில் இருப்பது மெல்லக் குறையும், எலும்பில் இறங்கியது பல வருடம் தங்கும் என்றார் டாக்டரம்மா. ஈயம் ஏறினால் வயிறு வலிக்கும், முற்றினால் மணிக்கட்டு தொங்கிவிடும் என்றும் சொன்னார். என்னை ஈயம் இல்லாத வேலைக்கு மாற்றினார்கள்.

எனக்குப் பயமெல்லாம் மச்சானை நினைத்துத்தான். அவருக்கு வருடக்கணக்காக வயிற்றுவலி. ஓமத் தண்ணீர்தான் வைத்தியம். நேற்று வீடியோவில் கூப்பிட்டேன்.

"மச்சான், ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கங்க."

"ஜாஸ்தின்னு வந்தா?"

"வேலைய நிறுத்தணும்."

"மொதலாளி உடணுமே மாப்ள."

"மொதலாளியே நீங்கதானே?"

"அதான் சொல்றேன். அந்தாளு ரொம்ப மோசம், லீவு குடுக்க மாட்டான்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தபடி டாட்டா காட்டக் கையைத் தூக்கினார். கை வந்தது, மணிக்கட்டு மட்டும் நிமிராமல் தொங்கியது.

"மரத்துப் போச்சு, சரியாயிடும்" என்றார்.

உடனே மனைவியைக் கூப்பிட்டு அழுதேன். நேற்றே அவள் அண்ணனிடமிருந்து கடைச்சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். நாளைக் காலை அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள்.

இன்று கம்பெனிக் குளியலறையில் வெகுநேரம் நின்றேன். இந்த ஊர்த் தூசி ஒரு சோப்பில் போய்விட்டது. என் விசா இரண்டு வருடத்துக்குத்தான். செங்கம் ரோட்டுக் கடை என் எலும்பில் ப்ளைபன்.