அப்பா விடாத கோல்

ஈரமேறிய தோல்பந்தைக் கால் உதைக்கும்போது எழும் ‘தொப்’பென்ற சத்தம்தான் முதலில் காதுக்கு வரும், பந்தும் தெரியாது, ஆட்களும் தெரியமாட்டார்கள். மலாயாவின் கேமரன் மலையில் மத்தியானம் சாய்ந்தாலே பள்ளத்திலிருந்து பனி ஏறி எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திடலை மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வரிசைவீடுகளின் பெண்பிள்ளைகள் நாங்கள் செடிகளோரம் உட்கார்ந்து, குரலை வைத்தே பந்து யாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். கோல் கம்பத்தடியிலிருந்து “விடு, எனக்கு விடு!” என்று கேட்டால் அது என் அப்பா சவரிமுத்து.

தோட்டத்துக் காற்பந்துக் குழுவைத் தொடங்கியவர் வெள்ளைக்காரத் துரை. எங்கள் மேல் இருந்த பாசத்தால் அல்ல. ஞாயிறு முழுக்கக் குடித்துக் கிடந்துவிட்டுத் திங்கள் விடியலில் ‘பெரட்டு’க்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, வராமல் போகிறவர்களைத் திருத்த ஒரு பந்து மலிவானது என்று அவர் கண்டுபிடித்தார். ஆனால் உரமூட்டை சுமந்து மேடேறிப் பழகிய கால்களுக்கு அந்தப் பந்து கிடைத்தபின் குழு துரையுடையதாக இருக்கவில்லை. கீழே ரிங்லெட் ஊரிலிருந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தவர்கள், வெறுங்காலோடு ஆடிய எங்கள் ஆட்களிடம் தோற்று மூச்சிரைக்க லாரி ஏறியதை நானே பார்த்திருக்கிறேன்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை ஓடிப்போனார், அவர் பங்களாவில் ஜப்பான் அதிகாரி ஒருவர் குடியேறினார். சோறு போய் மரவள்ளிக் கிழங்கு வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று லாரியும் வந்தது. முதல் லாரியில் போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் வராததால், அடுத்த லாரியின் சத்தம் கேட்டதுமே ஆண்கள் காட்டுக்குள் ஓடினார்கள். அந்த அதிகாரிக்கோ காற்பந்து என்றால் பைத்தியம். ஞாயிறுதோறும் தன் சிப்பாய்களோடு ஆட ஒரு குழு வேண்டும், அதில் ஆடும் பதினொருவரைச் சயாமுக்கு அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அம்மா மாதா படத்தின் முன் முழங்காலிட்டுச் சந்தோஷத்தில் அழுதாள். அப்பா தப்பித்துவிட்டார் என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

பதினொருவர் யார் என்று தீர்மானிக்கும் வேலையை அதிகாரி, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணியிடம் விட்டார். கங்காணிக்கு மகன்கள், மருமகன்கள், தம்பி பிள்ளைகள் என்று பெரிய குடும்பம். பந்தைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுகிற பிள்ளைகள். வாரத்துக்கு ஒருவராக அவர்கள் திடலுக்குள் வந்தார்கள். பழைய ஆட்டக்காரர்களில் ஒருவருக்கு முழங்கால் சரியில்லை, ஒருவருக்கு வயதாகிவிட்டது, ஒருவருக்கு வாய்க்கொழுப்பு என்று கங்காணியிடம் ஒரு காரணம் எப்போதும் தயாராக இருந்தது. திடலை விட்டு இறங்கியவர் அடுத்த லாரியில் ஏறினார். யாராவது நியாயம் கேட்டால், “ஆடத் தெரிஞ்சவன்தான் வேணும்னு ஜப்பான்தொர சொல்லலியேலா? பதினோரு தலை இருந்தாப் போதும்” என்பார்.

அப்பா மட்டும் மிஞ்சினார். சிப்பாய்களின் பூட்ஸ் அடிக்கு முன்னால் கோலில் நிற்க அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தைரியம் இல்லை.

ஒரு ஞாயிறு அதிகாரியே ஆட இறங்கினார். கங்காணி கோல் கம்பத்தருகே வந்து, “சவரி, அவரு அடிச்சா விட்டுரு. கையத் தூக்காத” என்றார். அப்பா தலையாட்டினார். விடத்தான் நினைத்தாராம், பந்து வந்தபோது உடம்பு கேட்கவில்லை என்று பிற்பாடு அம்மாவிடம் சொன்னார். பக்கவாட்டில் பாய்ந்து, சேற்றில் விழுந்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார். அதிகாரி ஒரு கணம் முறைத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, அப்பாவின் முதுகில் தட்டி, ஒரு சிகரெட்டை எடுத்து அவர் வாயில் வைத்தார். நாங்கள் துள்ளிக் குதித்தோம்.

அதுதான் வினையாகப் போயிற்று. அதிகாரி தட்டிக்கொடுக்கிற இடம் என்று தெரிந்ததும், யாருமே வேண்டாமென்ற கோல் கங்காணியின் இளைய மருமகனுக்கு வேண்டியதாகிவிட்டது. மறுவாரம் அவன் அங்கே நின்றான். அதிகாரியிடம் முறையிடவும் வழியில்லை. ஆள் ஏன் மாறியது என்று அவர் கேட்டால் பதில் சொல்வதும், எங்கள் பேச்சை அவருக்குக் கொண்டுபோவதும் கங்காணியின் ஆட்கள்தான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கங்காணி வீட்டு வாசலில் போய் விழுந்தாள். “விடச் சொன்னேன், விடல. அவன் கை அவன் பேச்சையே கேக்கலேன்னா நான் என்னம்மா பண்றது?” என்றார் அவர்.

லாரி ஏறுமுன் அப்பா அந்த மருமகனைக் கூப்பிட்டு, “பந்து வர்றப்ப கண்ண மூடாத தம்பி” என்று சொல்லிக் கொடுத்தார். அதைப் பெருந்தன்மை என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அன்றும் எரிச்சல்தான், இன்றும் எரிச்சல்தான். சண்டை முடிந்தபின் பழைய குழுவில் ஒரே ஒருவர், சயாமிலிருந்து புண் அழுகிய காலோடு திரும்பி வந்தார். அப்பாவை வாந்திபேதி கொண்டுபோனதாகவும், புதைத்த இடம் தெரியாது என்றும் சொன்னார்.

இன்று அந்தத் திடல் இல்லை. அதன் மேல் பிளாஸ்டிக் கூரை போட்டு ஸ்ட்ராபெரி பயிரிட்டிருக்கிறார்கள். கியா பார்ம் சந்தைக்குப் போகிற சுற்றுலாக்காரர்கள் வழியில் இறங்கிப் படமெடுத்துக்கொள்கிறார்கள். லயங்களில் யார் யாரோ வெளிநாட்டுக்காரர்கள். குழு மட்டும் பெயரளவில் இருக்கிறது. அதன் ஆண்டுவிழாவுக்குச் சென்ற மாதம் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தலைவர், கங்காணியின் பேரன், நல்ல பிள்ளைதான். “ஜப்பான் காலத்தில்கூட ஒரு ஞாயிறும் விடாமல் ஆடிய குழு நம் குழு” என்று முழங்கினார். மேடையில் ஜப்பான் காலத்துக் குழுப் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அப்பா, சித்தப்பா, மாமா என்று அவர் ஒவ்வொருவராக அடையாளம் காட்டினார். எனக்குப் பொன்னாடை போர்த்தி, அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள்.

“படத்துல இருக்கறவங்க ஆடினாங்க. ஆடத் தெரிஞ்சவங்க சயாமுக்குப் போனாங்க. எங்கப்பா சயாமுக்குப் போனவரு” என்றேன்.

தலைவர்தான் முதலில் கைதட்டினார். பிறகு மண்டபம் முழுக்கத் தட்டியது.