கேப்டன் கொடுத்த வெள்ளை ஒயின்

என் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். போன விடுமுறைக்கு வரும்போது, கேப்டன் பரிசாகக் கொடுத்த வெள்ளை ஒயின் பாட்டிலைத் துணிகளுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நண்டு வறுவலோடு அதைத் திறந்தோம். கிறிஸ்துமஸுக்கு நானே வீட்டில் ஒயின் போடுவேன்: பச்சைத் திராட்சை, சீனி, கிராம்பு. அதைத் தவிர வேறு ஒயினை நான் கண்டதில்லை.

"மூணு வகைத் திராட்சையத் தனித்தனியாப் போட்டு, பொறவு கலக்குதாவ. ஒண்ணு புளிப்புக்கு, ஒண்ணு மணத்துக்கு, ஒண்ணு வாயில நிக்கதுக்கு" என்றார்.

ஒரு வாய் குடித்தேன். அடடா! நாக்கின் ஓரத்தில் மாங்காயைக் கடித்த புளிப்பு. அது அடங்குவதற்குள், எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசம் மூக்கில் ஏறியது. விழுங்கிய பிறகும் தேன் மாதிரி ஏதோ ஒன்று தொண்டையில் நின்றது. ஆனால் இனிப்பே இல்லை. நான் போடும் ஒயின் முதல் சொட்டிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடும். இதுவோ ஒவ்வொன்றாக வந்தது. நண்டைக் கடித்துவிட்டு மறுபடி குடித்தால் வேறு ருசி! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"உங்களுக்கு என்னெல்லாம் தெரியுது? சொல்லுங்க!"

"பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோலு, ஏதோ வெள்ளைப் பூ..." என்று அடுக்கினார். அவருடைய கிளாஸ் இன்னும் மேசையில்தான் இருந்தது.

என் உற்சாகம் அப்படியே இறங்கிவிட்டது. கப்பலில் வந்த ஒரு காய்ச்சலில் அவருக்கு வாசனை தெரியாமல் போயிருந்தது; ஒயின் ருசியில் அதை மறந்து கேட்டுவிட்டேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும். மணம் தெரியாதவன் அத்தனை பேருக்குச் சமைக்கக் கூடாது என்று அவரே சொல்லியிருந்தார். கம்பெனியிலிருந்து அடுத்த பயணத்துக்குக் கூப்பிடும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார். என்னைத் தேற்றுவதற்காகப் பழைய ஞாபகத்தில் ஒப்பிக்கிறார் என்று புரிந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டோடு ஆளுக்குக் கொஞ்சம் குடித்தோம். தினமும் அதே ஆப்பிள், அதே பூ. எனக்குப் பொய் ஆகாது, அதுவும் முகத்துக்கு நேராக. கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று சனிக்கிழமை துணிந்தேன். பாட்டிலில் மிச்சமிருந்ததோடு என் ஒயினைச் சரிபாதி கலந்து, ஒன்றும் தெரியாதவள் போல அவர் முன்னால் வைத்தேன். நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆப்பிள் என்று வாய் திறக்கட்டும், அப்புறம் இருக்கிறது என்று நின்றேன்.

கிளாஸை எடுத்தார். வாயில் வைக்கவே இல்லை.

"ஏளா, இதுல என்னத்த ஊத்துன? கிராம்புல்லா அடிக்குது!"

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தார்.

"நம்ம வீட்டு ஒயினையா ஊத்துன? கேப்டன் ஆசையாக் குடுத்தது! இப்படியா நாசமாக்குவ? கூறு இருக்கா உனக்கு?"

"திட்டுங்க, நல்லாத் திட்டுங்க!" சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "என்ன அடிக்குதுன்னு இன்னொரு மட்டம் சொல்லுங்க!"

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. கிளாஸை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். "கிராம்பு" என்றார் மெதுவாக. அடுத்த நிமிடம் அடுப்படிக்கு ஓடி, டப்பா டப்பாவாகத் திறந்து மோந்தார். பெருங்காயம் நன்றாகத் தெரிந்தது, சீரகம் லேசாக, மல்லித்தூள் இன்னும் இல்லை. "எல்லாம் வந்துரும்ளா, பாரேன்!" என்று கத்தினார். ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன். நான் கெடுத்த ஒயினை இருவரும் ஒரு சொட்டு விடாமல் குடித்தோம். முதலில் மாங்காய், நடுவில் கிராம்பு, கடைசியில் சீனி. சொல்லக் கூடாதுதான், கேப்டனுடையதைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது முன்னறையில் அவர் போனில் பேசுவது கேட்டது.

"சார், நான் ரெடி சார். எந்தக் கப்பல்னாலும் வாரேன்."

அவ்வளவு சந்தோஷமான குரலை நான் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. குழாயை நிறுத்தத் தோன்றாமல் நின்றேன். போனால் திரும்பி வர எட்டு ஒன்பது மாதம் ஆகும்.