ராகி சாப்பிடாத மூன்று நாட்கள்

கூண்டுக்கு அடியில் விரித்திருந்த துணியில் சிவப்பாக ஒரு கறை. முந்தின நாள் பீட்ரூட் இலை போட்டிருந்தேன், அதன் சாயம்தான் என்று துணியை மாற்றிவிட்டேன். மறுவாரம் இலை எதுவும் போடாமலே கறை வந்தது. முப்பத்தொரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு ரத்தம் எது, பீட்ரூட் எது என்று தெரியவில்லை. பார்க்க வேண்டாம் என்று மனசு முடிவு செய்துவிட்டால் கண்ணும் அதற்கு ஒத்துப்போகும் போலிருக்கிறது.

ராகி எங்கள் முயல். கேழ்வரகு மாவின் நிறம், அதனால் மகள் நித்யா வைத்த பெயர். மைசூரு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நித்யா நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலை ரயிலுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். அதுவரை நானும் ராகியும்.

கால்நடை மருத்துவர் இளம்பெண். ராகியின் வயிற்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுத்தார். கருப்பை தடித்திருக்கிறது, விட்டுவைத்தால் புற்றாகலாம், ஸ்பே (கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடும் அறுவை) செய்துவிடுவோம் என்றார். ஒன்றை மட்டும் கன்னடத்தில் இரண்டு முறை அழுத்திச் சொன்னார். ஆபரேஷனுக்கு முன் முயலைப் பட்டினி போடக் கூடாது. முயலுக்கு வாந்தி வராது, அதனால் மயக்கத்தில் புரையேறும் பயம் இல்லை. ஆனால் அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் முயல் இருந்தால் அவர் சொன்னதை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். நான் நன்றாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து அதற்கு நேர் எதிராகச் செய்தேன்.

காரணம் ஆறு வருடம் பழையது. என் கணவருக்குக் குடலிறக்கம் (வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தில் குடல் பிதுங்குவது). அறுவை நான் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே. எனக்குக் காலை ஷிஃப்ட் என்பதால் முன்னாலேயே போய்விட்டேன். நித்யா அவரை ஒன்பது மணிக்குக் கூட்டிவந்தாள். காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று அவரிடம் கேட்டவள் நான்தான். இல்லை என்றார். தாளில் 'வெறும் வயிறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். மற்ற நோயாளிகளிடம் காபி, டீ, தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். சொந்த வீட்டு மனிதரிடம் ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன்.

மயக்கம் கொடுத்ததும் வாந்தி எடுத்தார். அது நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. நான்காம் நாள் போய்விட்டார்.

அறுவை நடந்த அன்று மதியம் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது, பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு டம்ளர் கிடந்தது. அடியில் காபி காய்ந்திருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. தானே போட்டுக் குடித்துவிட்டு என்னிடம் மறைத்திருக்கிறார் என்று செத்த மனிதர்மேல் ஆறு வருடம் கோபம் வளர்த்தேன். தொட்டியில் டம்ளர் தனியாகக் கிடந்தால் இன்றும் ஓடிப்போய்க் கழுவிக் கவிழ்த்துவிடுவேன்.

ராகிக்கு ஆபரேஷன் என்றதும் அந்த டம்ளர்தான் முன்னால் வந்து நின்றது. டாக்டர் சின்னப் பெண், அனுபவம் பற்றாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முந்தின நாள் சாயங்காலம், நித்யா வீடு திரும்புவதற்குள், கூண்டிலிருந்த காய்ந்த புல்லை எல்லாம் அள்ளி மொட்டைமாடியில் ஒளித்தேன். ராகி தட்டை மூக்கால் தள்ளிப் பார்த்தது. பிறகு காலித் தட்டின் விளிம்பைக் கடித்தது. புல்லை எல்லாம் தின்று தீர்த்துவிட்டது என்று நித்யாவிடம் சொன்னேன்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த ராகி மூலையில் முதுகை வளைத்து உட்கார்ந்தது. கொத்தமல்லியைக் காட்டினால் முகத்தைத் திருப்பியது. பல்லை நறநறவென்று அரைத்தது. வலி இருந்தால் முயல் அப்படிச் செய்யும். கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். ஆபரேஷனுக்கு முன் கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று கேட்டார். காலை வரைக்கும் தின்றது என்றேன். கூசாமல் சொன்னேன். அதை நம்பி, மயக்க மருந்தின் அசதியாக இருக்கும், கரைத்த தீவனம் கொடுத்து நாளை வரை பாருங்கள் என்றார்.

மறுநாள் காலை என் பழைய ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து ராகியின் வயிற்றில் வைத்தேன். சின்னதாகக் குமிழ் உடையும் ஓசை விடாமல் கேட்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். அடுக்களையில் யாரோ டம்ளரைத் தொட்டியில் வைக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

உடனே ஆட்டோ பிடித்தோம். கிளினிக் மேஜையில் ராகியைப் படுக்க வைத்துவிட்டு, நித்யா பக்கத்தில் நிற்கும்போதே உண்மையைச் சொன்னேன். டாக்டரின் கை ஒரு நொடி நின்றது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குடல் தேக்கம் (குடல் அசைவு நின்று உணவும் காற்றும் உள்ளேயே தங்கிவிடுவது) என்றார், ஒரு நாள் வீணாகிவிட்டது என்றார். எக்ஸ்ரே எடுத்து அடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தோலுக்கடியில் சலைன் ஏற்றி, வலி குறையவும் குடல் அசையவும் மருந்து போட்டார். பிழைக்குமா என்று கேட்டதற்கு, புழுக்கை வரட்டும், சொல்கிறேன் என்றார்.

வீடு திரும்பும்போது நித்யா ராகியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மதியம். நித்யா லீவு போட்டிருந்தாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை ஊட்ட வேண்டும். நான் ராகியைத் துண்டில் சுற்றி மடியில் பிடித்துக்கொண்டேன். நித்யா ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயில் கூழைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.

"ஏம்மா அப்டிப் பண்ணே? நீ நர்ஸு."

டம்ளரைப் பற்றி அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்தேன். அப்பா ஒளித்துக் காபி குடித்ததையும் நான் கழுவி வைத்ததையும் சொன்னேன். அவள் சிரிஞ்சைக் கீழே வைத்தாள்.

"அந்தக் காபிய நான்தாம்மா போட்டுக் குடுத்தேன்."

ராகியை இறுக்கிவிட்டேன் போல. அது துள்ளியது.

"சனிக்கெழம விரதத்துக்கே காபி குடிப்பாரு இல்லியா? காபிதானே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு மெதுவாக, "சாயங்காலம் வந்து பாத்தா டம்ளர் கழுவி இருந்துச்சு. ஒனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஆனா நீ கேக்கமாட்டேங்கறேன்னு நெனச்சேன். ஆறு வருஷம், எப்பக் கேப்பே எப்பக் கேப்பேன்னு இருந்தேன்."

அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. அவள் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டதை அப்பா போன துக்கம் என்று நினைத்திருந்தேன். உன் தப்பு இல்லை கண்ணு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வேறொன்று வந்தது.

"குடிச்சுட்டு என்ன சொன்னாரு?"

"சக்கர கம்மின்னாரு."

உயிரோடு இருந்தவரை தினமும் சொன்னதுதான். இருவரும் சிரித்தோம். சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. நடுவில் ராகி மாட்டிக்கொண்டு முழித்தது.

சாயங்காலம் நான்கு புழுக்கைகள் வந்தன. சின்னது, கடினம், கோணல். நித்யா அவற்றை உள்ளங்கையில் வைத்து என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

தையல் ஆறிவிட்டது. மழித்த இடத்தில் முடி கொஞ்சம் கறுப்பாக முளைத்திருக்கிறது. ஆனால் மூன்று மணி நேரம் ஆனால் என் உடம்பு தானாக எழுந்து கூண்டருகே போகிறது. கடிகாரம் பார்ப்பதில்லை. குனிந்து ராகியின் வயிற்றில் காதை வைக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கிறது. அப்புறம்தான் எனக்கு மூச்சு வருகிறது.

தொட்டியில் டம்ளரைப் பார்த்தால் ஓடிப்போய்க் கழுவுவதும் நிற்கவில்லை. நிற்கும் என்றும் தோன்றவில்லை. ரயிலுக்குக் கிளம்பும் நித்யா இப்போதெல்லாம் காபி குடித்த டம்ளரைத் தொட்டியில் போடுவதில்லை. என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள்.