நேசத்துக்க சீட்டு

சாவியைப் போடுவதற்கு முன்னால் ரசலையன் விரலை மடக்கி வண்டியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். காதைக் கொடுத்துக் கேட்கிறார். சத்தம் கெட்டியாக வந்தால்தான் முகத்தில் ஒரு திருப்தி. அதோடு விடுவாரா? தண்ணீர்த் தொட்டி, தேங்காய், அடுத்த வீட்டுக் கதவு என்று கைக்கு எட்டிய எதையும் தட்டாமல் தாண்ட மாட்டார். இனயம் கடற்கரையில் அடிபட்ட ஃபைபர் வள்ளங்களை ஒட்டிக் கொடுப்பது அவர் தொழில். உள்ளே வெடிப்பு இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

வண்டி, சிவப்பு நிற சான் ஸ்டார்ம். கருங்கல் சந்தைப் பக்கம் அது வந்து நின்றால் மீன் வாங்க வந்தவர்கள் மீனை மறந்துவிடுகிறார்கள். எந்த நாட்டு வண்டி என்று யாராவது கேட்டால் போச்சு. “எந்த நாடா? நம்ம நாடுதான் மக்கா. கோவாவுல செஞ்சது. வரைஞ்சது பிரான்சுக்காரன், இஞ்சினும் அவனுக்கதான். ஆனா மேலு முழுக்க ஃபைபர். அதுல எனக்க கையும் உண்டு, கேட்டியா?”

வாலிபத்தில் அந்தத் தொழிற்சாலையில் ஃபைபர் வேலை பார்த்தவர். தொண்ணூறுகளின் கடைசியில் வந்த கார் அது. இரண்டே இருக்கை, மடக்குகிற துணிக்கூரை, தரையோடு தரையாக ஓர் உட்காருமிடம். ஆசைப்பட்டவர்கள் நிறைய, வாங்கியவர்கள் கொஞ்சம். பிறகு தயாரிப்பே நின்றுபோனது. அதற்கு ரசலையனிடம் சொந்த விளக்கம் இருக்கிறது. “நம்ம ஆளு கார் வாங்குனா அம்மைய ஏத்தணும், மயினிய ஏத்தணும், பின்ன ஒரு சக்கப்பழமும் ஏத்தணும். இதுல எங்கோட்டு ஏத்த?”

ஊர் திரும்பிப் பல வருஷம் கழித்துப் பழைய வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்தார். அன்றுமுதல் ஞாயிறுதோறும் அவரும் மனைவி நேசம்மாளும் ஆராதனைக்கு அதில்தான் போனார்கள். கூரை திறந்திருக்கும், நேசம்மாள் சேலைத் தலைப்பைத் தலையில் இறுக்கிக் கட்டியிருப்பார். வேறு யாருக்கும் அந்த வண்டியில் இடமில்லை. ஒருநாள் மழையில் நனைந்துகொண்டே, அடுத்த வீட்டுக்காரனான நானும் இடம் கேட்டுப் பார்த்தேன். “கோவிச்சிக்கிடாதிங்க சாரே, அது நேசத்துக்க சீட்டு.”

இன்னொரு பித்தும் உண்டு. வண்டியில் எல்லாமே ஒரிஜினலாக இருக்க வேண்டும். ஒரு திருகாணி தொலைந்ததற்கு மாதக்கணக்கில் அலைந்த மனிதர். களியக்காவிளையில் பழைய கார்களைச் சேர்க்கிற ஆன்ஸ்லின், இதே நிலையில் கொடுத்தால் கேட்ட விலை தருவதாகச் சொல்லி வைத்திருந்தார்.

போன வருஷம் நேசம்மாளுக்கு மூட்டு மாற்று அறுவை நடந்தது. தாழ்வான இடத்தில் உட்காரவே கூடாது என்றார் டாக்டர். அந்த வண்டியின் சீட்டோ பாதி நாற்காலி உயரம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேசம்மாள் ஆட்டோவில் முன்னே போக, ரசலையன் காலி சீட்டோடு பின்னே வந்தார். பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“எனக்கு இனி இதுல ஏற முடியாது. ஆன்ஸ்லினுக்கே குடுத்திருங்க” என்றார் நேசம்மாள்.

“நீ சும்மா கெட பிள்ளே.”

அந்த வாரமே ரசலையன் அந்த ஒரிஜினல் சீட்டைக் கழற்றினார். தளத்தை அறுத்து, ஃபைபரில் மேடை எழுப்பி, அதன்மேல் மெத்தை வைத்தார். வள்ளத்துக்குப் பழகிய கை அல்லவா, அலையடிக்குத் தாங்குகிற கனத்தில் ஒட்டித் தள்ளிவிட்டது. இனி உளி வைத்தாலும் பெயராது. உயரம் நேசம்மாளின் காலுக்குக் கச்சிதம். தலையைத்தான் மனிதர் மறந்துபோனார். கூரையை இழுத்தால் கொண்டையில் இடிக்கிறது.

அடுத்த ஞாயிறு நேசம்மாள் நோகாமல் உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். மடியில் ஒரு குடை. “ஆனமேல இருக்கது மாதிரி இருக்கு” என்று சிரித்தார். பக்கத்தில் ரசலையன் பள்ளத்தில் இருப்பவரைப் போலத் தெரிந்தார்.

ஆராதனை முடிந்து இருவரும் வண்டியில் ஏறியபோது ஆன்ஸ்லின் வந்து குனிந்து பார்த்தார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“என்ன பணி செய்து வச்சிருக்கிய அண்ணாச்சி! ஒரிஜினல் எல்லாம் போச்சே!”

ரசலையன் விரலை மடக்கி, நேசம்மாளின் புது மூட்டில், சேலைக்கு மேலே, மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார். காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு சாவியைப் போட்டார்.